கோணல் பொட்டு

நாகலாபுரம்
6.10.2025

லிங்கராஜுக்கு செல்வமாரி எழுதுவது.

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யார் செத்துப் போனது என்று பதறியிருப்பாய். யாரும் சாகவில்லை. காளியம்மன் கோயில் வாசலில் சூடத்தைக் கையால் அணைத்து, "இனி இவன்கூடப் பேச மாட்டேன்" என்று நான் பண்ணிய சத்தியமும் சாகவில்லை. தம்பி என்று எழுத இன்னும் கை வரவில்லை. பேச மாட்டேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் என்ன என்று இசக்கிச்செல்வி கேட்டாள். "வாட்ஸப்புல பேசினேன்னுதானட்டி எல்லாரும் சொல்லுதாங்க, அதுவும் பேச்சுதான்" என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் ரெண்டு வருஷத்துக்குப் பிறகு இந்தத் தபால்.

விஷயம் வண்டி. உன் மச்சான் சாகிற வருஷம் ஆடியில் வாங்கினாரே, அதே பழைய பிக்கப். இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதே. மிளகாய் மூட்டையை விளாத்திகுளத்துக்கு ஏற்ற ஆள் தேடி அலுத்துப் போய் நானே பழகிக்கொண்டேன், லைசென்ஸும் எடுத்துவிட்டேன். மண் காய்ச்சலாகக் கிடக்கும்போது வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. போன வாரம் ஒரு மழை பெய்தது. ஓடை இறக்கத்தில் குட்டி லிவரைப் போட்டேன், நாலு சக்கரமும் இழுக்கும் என்று. பின்சக்கரம் ரெண்டும் மண்ணை வாரி இறைக்கிறது, முன்சக்கரம் ரெண்டும் சும்மா நிற்கிறது. அன்றைக்கு நின்றது போலவே.

இசக்கி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். மருமகன் கப்பலில் இருக்கிறார், தை மாதம்தான் வருவார். டாக்டர் கொடுத்த தேதி கார்த்திகை பத்து. காட்டுவீட்டிலிருந்து தார்ரோட்டுக்கு ரெண்டரை கிலோமீட்டர் கரிசல் என்பது உனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் தார்ரோட்டில்தான் நிற்கும், உள்ளே இறங்கினால் அதுவும் புதையும். அதே ஓடை, அதே வண்டி, இன்னொரு உயிர். எனக்குத் தூக்கம் இல்லை.

விளாத்திகுளத்தில் ஒரு மெக்கானிக், முன்சக்கரத்துக்கு இழுவையைப் பிரித்து விடுகிற டிரான்ஸ்பர் பாக்ஸை இறக்கணும், ஒரு மாசம் ஆகும் என்கிறான். கடைசியாக அதில் கை வைத்தவன் நீ. என்ன செய்து வைத்தாய் என்று உனக்குத்தானே தெரியும்? எழுது.

செல்வமாரி

~

கோவில்பட்டி
10.10.2025

அக்காவுக்கு,

கவரைப் பிரிக்காமல் டூல்ஸ் பெட்டியில் வைத்துவிட்டு மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்தேன். பிறகுதான் பிரித்தேன்.

நான் வந்து பார்த்தால் ஒரு மணி நேர வேலை. இல்லையென்றால் இசக்கியைக் கார்த்திகை பிறந்ததும் இங்கே கொண்டு வந்து விடு. ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். அத்தைக்காரி காளீஸ்வரி ஒரு அறையை ஒதுக்கிக் கூட்டிப் போட்டுவிட்டாள். அவளுக்கும் இசக்கி மேல் உன் அளவுக்குப் பிரியம் உண்டு. வளைகாப்புக்குத் தாய்மாமன் வளையலை நான் போடாமல், கடையில் வாங்கி நீயே போட்டாய் என்று கேள்விப்பட்டு அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நானும்தான்.

ரெண்டும் ஆகாது என்றால் இதைச் செய். பாக்ஸை இறக்க யாரையும் விடாதே. காட்டுக்குள் சமமான மண் தரையில் வண்டியை நிறுத்தி, குட்டி லிவரைப் போட்டு, ஆள் நடக்கிற வேகத்துக்கு உருட்டு. தார்ரோட்டில் செய்யக் கூடாது. டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிகிறதா என்று நீ பார். வெளியே ஒருத்தர் தள்ளி நின்று குனிந்து அடியில் பார்க்கணும். பாக்ஸிலிருந்து முன்பக்கம் போகிற இரும்புத் தண்டு சுற்றுகிறதா, இல்லையா. அதைத்தான் ஷாப்ட் என்போம். இசக்கியைக் குனிய விடாதே.

சுற்றவில்லை என்றால் கோளாறு பாக்ஸில். சுற்றினால் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு அதைத் தாண்டி முன்பக்கம் என்று அர்த்தம்.

என்ன செய்து வைத்தேன் என்று கேட்டிருக்கிறாய். ரெண்டு வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குச் செய்த வேலையை மனசுக்குள் நட்டு நட்டாகக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டேன். பிடிபடவில்லை.

லிங்கராஜ்

~

நாகலாபுரம்
17.10.2025

லிங்கராஜுக்கு,

நீ வரவேண்டாம். வந்தால் தண்ணீர் கொடுக்கணும். "இந்தா" என்று சொல்லாமல் செம்பை நீட்டினால் அது மாட்டுக்கு வைக்கிற மாதிரி. சொன்னால் சத்தியம் போச்சு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதிலும் மாற்றமில்லை. காளீஸ்வரியிடம் சொல், அறையை ஒதுக்கியது தெரிந்துகொண்டேன் என்று.

நீ சொன்னபடி பார்த்தாயிற்று. அடியில் குனிந்து பார்க்கப் பக்கத்துக் காட்டுப் பெத்தம்மாளைக் கூப்பிட்டேன். மெதுவாகத்தான் உருட்டினேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டி கூடவே வாத்து மாதிரி நடந்து வந்தாள். "சுத்துது மயினி, நல்லா சுத்துது, நிப்பாட்டுங்க, எனக்குத் தலை சுத்துது" என்று கத்தினாள். பச்சை விளக்கும் எரிந்தது. ஆக, கோளாறு பாக்ஸில் இல்லை. ஒரு மாசம் கேட்டவனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எழுதத் தொடங்கிவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. கேட்க நான் விடவும் இல்லை. மதியம் சாப்பிட்டு எழுந்தவர், "நெஞ்சு கரிக்குது, வாயுவாத்தான் இருக்கும், எதுக்கும் விளாத்திகுளம் போயிட்டு வந்துருவோம்" என்றார். அவர்தான் ஓட்டினார். மழை ஊற்றுகிறது. ஓடையில் இறங்கி ஏறும்போது மாட்டிக்கொண்டது. சட்டையெல்லாம் வேர்வையா மழையா தெரியவில்லை. நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், இறங்கி முழங்கால் சேற்றில் முன்சக்கரத்துக்கிட்டே போய்க் குனிந்தார். அந்தப் பக்கம் போய் அங்கேயும் குனிந்தார். ஏறி உட்கார்ந்து, "பொட்டுக்கு நேரா வச்சுட்டேன் மாரி, இப்ப ஏறும் பாரு" என்றார். ஏறவில்லை. ரெண்டாவது தடவை ஆக்சிலேட்டரை மிதித்தார், மூன்றாவது தடவை மிதிக்கவில்லை. டிராக்டர் வர ஒரு மணி நேரம். அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று அந்த டாக்டர் இழுத்தார் பார், அந்த அரை மணியைத்தான் நான் உன் தலையில் போட்டேன்.

சாகப் போகிற மனுஷன் சக்கரத்துப் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். சாமியும் கேட்கவில்லை, வண்டியும் கேட்கவில்லை.

அடுத்து என்ன பார்க்கணும்?

செல்வமாரி

~

கோவில்பட்டி
23.10.2025

அக்கா,

தீபாவளிக்குக் கடை மூடியிருந்தது. உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். மச்சான் சொன்ன அந்த வார்த்தையை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இனிப் பார்க்க ஒரே ஒரு இடம்தான் பாக்கி. முன்சக்கரத்தின் நடுவில் கை அகலத்துக்கு ஒரு வட்டம் புடைத்துக்கொண்டிருக்கும். ஹப். அதன் முகத்தில் ஒரு திருகு, திருகில் ஒரு அம்புக்குறி. அதை லாக்கில் திருகி வைத்தால்தான் ஷாப்ட் கொண்டு வருகிற இழுவை சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஃப்ரீயில் இருந்தால் உள்ளே அச்சு சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும். ஒரு பக்கம் மாட்டாமல் போனாலும் ரெண்டு பக்கமும் இழுக்காது. காய்ச்சல் காலத்தில் ஃப்ரீ, மழைக்கு லாக். வண்டி பழசு, அந்த எழுத்துகள் எல்லாம் நான் பார்க்கும்போதே தேய்ந்து போயிருந்தன.

குட்டி லிவரைப் போட்டு, கியரிலும் போட்டு, இஞ்சினை அணைத்துவிடு. பின்சக்கரத்துக்குக் கல் அடை கொடு. ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிப் பார். சுற்றக் கூடாது. சுற்றினால் ஹப் மாட்டவில்லை. அது முடிந்ததும் மற்றப் பக்கம்.

இன்னொன்று. ஹப் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். அது இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, ரெண்டு சக்கரத்துக்கும் படம் போட்டு அனுப்பு. அது வரைக்கும் எதையும் திருகாதே.

கேட்காததையும் எழுதுகிறேன். ரெண்டு வருஷமாக நான் நாலு சக்கர இழுவை வண்டி எதையும் கடைக்குள் விடுவதில்லை. காற்றாலைக்காரர்கள் கொண்டு வருவார்கள், வேறு கடை சொல்லி அனுப்பிவிடுவேன். ஸ்பேனரை எடுத்தால் கை நடுங்குகிறது. காளீஸ்வரிக்குக்கூட இது தெரியாது, சர்க்கரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

லிங்கராஜ்

~

நாகலாபுரம்
30.10.2025

லிங்குவுக்கு,

கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கினேன். இடது சக்கரம் ராட்டினம் போலச் சுற்றுகிறது, வலதும் அப்படித்தான். அப்படியானால் கோளாறு இதில்தான், இல்லையா?

படம் பின்பக்கத்தில் இருக்கிறது. வட்டம் கோணலாக இருக்கும், கண்டுகொள்ளாதே. அம்பு இப்போது எங்கே பார்க்கிறதோ அங்கே கோடு போட்டிருக்கிறேன், அது பொட்டுக்கு நேராகத்தான் நிற்கிறது. காற்றடிக்கிற மூக்கு மேலே வரும்படி சக்கரத்தை வைத்துப் பார்த்தால் பொட்டு உச்சியில், நடுவில். ரெண்டு சக்கரத்திலும் ஒரே மாதிரி வைத்திருக்கிறேன்.

பொட்டைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், நீ வைத்த லட்சணம் இருக்கிறதே! வண்டியை நீ கொண்டுவந்து விட்ட அஞ்சாம் நாள் ஆயுத பூஜை. கழுவும்போது பார்க்கிறேன், ஒரு சக்கரத்தில் பொட்டு காதோரம் இருக்கிறது, இன்னொன்றில் தாடைக்குக் கீழே இருக்கிறது. பெயிண்ட் வேறு. "உங்க மச்சினனுக்குப் பொட்டு வைக்கக்கூடத் தெரியலயே" என்று உன் மச்சானிடம் சொல்லலாம் என்றால் அவர் உரம் வாங்கப் போயிருந்தார். மண்ணெண்ணெயைத் தொட்டு ரெண்டையும் துடைத்துவிட்டு, கதவுக்கு வாங்கின சிவப்புப் பெயிண்டை எடுத்து நேராக, அம்சமாக நான் வைத்தேன். வருஷா வருஷம் அதன் மேலேயே புதுசாக வைக்கிறேன். இந்த ஆயுத பூஜைக்கும் வைத்தேன்.

மேகம் தினமும் கூடிக் கூடிக் கலைகிறது. இசக்கிக்குக் கால் வீங்குகிறது. சீக்கிரம் எழுது.

செல்வமாரி

~

கோவில்பட்டி
9.11.2025

அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்பு சரியில்லை.

கோளாறு என்ன என்று தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையது. அந்த ஹப்புக்கு உள்ளே ஒரு ஸ்பிரிங் உண்டு. ரெண்டு பக்கமும் அதைத் திருப்பி மாட்டிவிட்டேன். அதனால் நான் வைத்த அடையாளம் எல்லாம் தலைகீழாகப் போய்விட்டது. லாக் என்று நினைத்துத் திருகினால் ஃப்ரீ ஆகியிருக்கும். மச்சானுக்கு அதுதான் நடந்தது. நீ கோயிலில் வைத்துச் சொன்னது சரி. அந்த அரை மணி என் கணக்கில்தான். சத்தியத்தை நீ எடுக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

இப்போது வண்டிக்கு எதையும் மாற்றத் தேவையில்லை, திறக்கவும் தேவையில்லை. பொட்டைப் பார்க்கவே பார்க்காதே. திருகைப் பிடித்து, எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கடைசி வரைக்கும் திருகி, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார். சுற்றினால் எதிர்ப்பக்கம் கடைசி வரைக்கும் திருகு. மாட்டும்போது உள்ளே டக் என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு சக்கரம் அசையாது. ரெண்டு பக்கமும் அப்படி வைத்துவிட்டு, தை வரைக்கும் தொடாதே.

மழை விழுந்த அன்றைக்கே வெறும் வண்டியை ஓடையில் இறக்கி ஏற்றிப் பழகிக்கொள். இறங்கும் முன்னாலேயே குட்டி லிவரைப் போட்டுவிடு. நடுவில் நிறுத்தாதே. ஆக்சிலேட்டரை ஒரே சீராக மிதி. ஸ்டீயரிங் தானாக இழுக்கும், பயப்படாதே, முன்சக்கரம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இசக்கியிடம் மாமா கேட்டதாகச் சொல்.

லிங்கராஜ்

~

விளாத்திகுளம், ஆஸ்பத்திரி
27.11.2025

தம்பி,

பெண் பிள்ளை. திங்கட்கிழமை காலை பத்தே காலுக்குப் பிறந்தாள். ரெண்டு கிலோ எண்ணூறு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்கிறார்கள். இதை முதலில் எழுதிவிட்டேன், மிச்சத்தை மெதுவாகப் படி.

உன் கடிதம் வந்த மறுநாள் திருகைத் திருப்பினேன். முதலில் இடது பக்கம். கடைசி வரைக்கும் போனதும் டக் என்றது. சக்கரம் அசையவில்லை. சந்தோஷத்தில் பெத்தம்மாளைக் கூப்பிட வாயைத் திறந்தவள், அம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். காதோரம் நின்றது. அந்த இடத்தைச் சேலை முந்தியால் துடைத்தேன். மண்ணெண்ணெய் போட்டு நான் துடைத்ததில் மிஞ்சி, இரும்பின் சின்னப் பள்ளத்தில் மிளகாய் விதை அளவுக்குச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் பொட்டு. அம்பு அதன் மேலேயே நிற்கிறது. வலது சக்கரத்துக்குப் போனேன். திருகினேன். டக். தாடைக்குக் கீழே, அங்கேயும் உன் சிவப்பு.

ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டியதால் அடையாளம் தலைகீழ் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் அம்பு உன் பொட்டுக்கு எதிர்ப்பக்கம் அல்லவா நின்றிருக்கணும்? எட்டாவதுதான் படித்திருக்கிறேன், ஆனால் இது தெரியாமல் போகுமா? உனக்குச் சின்ன வயசிலிருந்தே பொய் சொல்ல வராது. ஒரு ஸ்பிரிங்கும் திருப்பி மாட்டவில்லை. நீ அடையாளம் வைத்தாய். நான் அதைச் சாமிப் பொட்டு என்று நினைத்து நேராக்கினேன். அவர் மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அம்பை நான் வைத்த பொட்டுக்கு நேரா வைத்துவிட்டு வந்து, இப்ப ஏறும் பாரு மாரி என்றார்.

சக்கரத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இசக்கி வந்து, "என்னம்மா, சரியாயிட்டா?" என்றாள். "சரியாயிட்டு" என்றேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மழை. திங்கள் விடிந்ததும் வலி எடுத்துவிட்டது. இசக்கியையும் பெத்தம்மாளையும் முன்னால் ஏற்றிக்கொண்டு ஓடைக்கு வந்தேன். நீ எழுதியபடிதான் எல்லாம் செய்தேன். தண்ணீர் பம்பர் வரைக்கும் வந்தது. பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, நான் காலை எடுக்கவில்லை. அப்போது முன்சக்கரம் ரெண்டும் மண்ணைப் பிடித்து இழுத்தது தம்பி. கையில் தெரிந்தது. ஏறிவிட்டது. இந்தக் கொஞ்ச இழுவைதான், இவ்வளவுதான் வேண்டியிருந்தது அன்றைக்கும். மேட்டில் நான் அழுத அழுகையைப் பார்த்து இசக்கி தன் வலியை மறந்து, "அதான் வண்டி ஏறிட்டேம்மா, எதுக்கு அழுத?" என்றாள்.

ரெண்டு வருஷம் உன்னை ஊர் முன்னால் கொலைகாரன் போல நிறுத்தினேன். உன் கையை நடுங்க வைத்தேன். தாய்மாமன் வளையலைத் தடுத்தேன். உண்மை தெரிந்த பிறகும் அதை உன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு எழுதினாய். ஒரு பேச்சு திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சூடத்தை நான் அணைத்தேன். இனி அணைக்க வேண்டியவன் நீ. இவள்கூடப் பேச மாட்டேன் என்று நீ சொன்னால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அக்கா

~

கோவில்பட்டி
4.12.2025

அக்கா,

பிள்ளை பிறந்ததைக் காளீஸ்வரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இனிப் பொய் எழுதவில்லை. நீ பொட்டைத் துடைத்த கதையை எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் இல்லை, நான் இல்லை என்று பட்டறைக்குள்ளேயே ரெண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். மச்சான் செத்துக் கிடந்த விஷயத்தில் எனக்குச் சந்தோஷம். அந்த வெட்கத்தில்தான் ஒரு வாரம் படுத்துவிட்டேன். ஸ்பிரிங் கதையை அதற்குப் பிறகுதான் கட்டினேன். நீ அந்தக் காட்டுவீட்டில் தனியாக இருக்கிறவள். எனக்காவது சத்தமான பட்டறை இருக்கிறது.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி முழுக்க உன் தப்பும் இல்லை. இதை உன்னைத் தேற்ற எழுதவில்லை. அந்தப் பொட்டு லாக்குக்கான அடையாளம் என்று மச்சானிடம் மட்டும் சொன்னேன். நீ அடுப்படியில்தான் இருந்தாய், கூப்பிட்டு, "அக்கா, இதைத் துடைச்சிராத" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி ஆம்பிளை சமாச்சாரம் என்று நினைத்துவிட்டேன். கழுவுவதும் பொட்டு வைப்பதும் நீதான் என்று தெரியாதவனா நான்? ஆயுத பூஜைக்கு அஞ்சு நாள் இருக்கும்போது சக்கரத்தில் சிவப்புப் பொட்டு வைத்தால், நம்ம வீட்டுப் பொம்பளை எவள் அதை மெக்கானிக் வைத்த அடையாளம் என்று நினைப்பாள்? அன்றைக்கு என் பலகையில் பச்சைப் பெயிண்டும் திறந்துதான் இருந்தது. சிவப்பு கைக்கு எட்டியது, தொட்டு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானும் காளீஸ்வரியும் வாரோம். வளையல் வாங்கியிருக்கிறோம், பிள்ளைக்குச் சின்னதும் இசக்கிக்குப் பெரியதும். தார்ரோட்டில் இறங்கி நிற்போம், வண்டியை எடுத்துக்கொண்டு வா. நீ ஓட்டுவதைப் பார்க்கணும். பேசணும் என்று கட்டாயம் இல்லை. எனக்கும் பேச ஒன்றும் மிச்சமில்லை, அலுத்துப் போய்விட்டது. செம்பைச் சும்மா நீட்டு, வாங்கிக் குடித்துக்கொள்கிறேன்.

ஒரு சின்ன டப்பா பச்சைப் பெயிண்ட் கொண்டு வாரேன். வைக்க வேண்டிய இடம் உனக்குத் தெரியும். நீயே வை.

லிங்கு